கைப்பிடி அரிசியின் பக்கம் நின்று

நடுவர் ஐயாவுக்கும், சேகரத்துப் போதகர் ஐயரவர்களுக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், பந்தலில் இடம் இல்லாமல் வேப்பமரத்தடியில் நிற்கிற தாய்மாருக்கும் வணக்கம். பன்னிரண்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தலைப்பு, ‘இல்லாதவர் துயர் துடைப்பதில் முந்தி நிற்பது கைப்பிடி அரிசியா, பெருந்தொகைக் காணிக்கையா?’ உலை வைக்கும்போதெல்லாம் இல்லாதவர்களுக்கென்று ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துச் சபையில் சேர்க்கிறோமே, அந்தக் கைப்பிடி அரிசிக்குப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். “பிடி அரிசியில் கஞ்சி காய்ச்சலாம், ஆஸ்பத்திரி கட்ட முடியுமா?” என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். தட்ட வேண்டிய கேள்விதான். சும்மாவும் கேட்கவில்லை, வேலூரையே சாட்சிக்குக் கூட்டி வந்தார். அமெரிக்க மருத்துவ மிஷனரி ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் மருத்துவம் தொடங்கினார். நியூயார்க் வங்கியாளர் ராபர்ட் ஷெல், மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தில் 1902இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. “ஒரு மனிதர், ஒரு காசோலை, ஒரு ஆஸ்பத்திரி” என்று சொல்லிவிட்டுத் தம்பி தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

தம்பி சொன்ன ஒவ்வொரு எழுத்தும் உண்மை. ஆனால் கதையை 1902இல் நிறுத்திவிட்டார். மிச்சத்தை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

ஷெல் மருத்துவமனையில் கூட்டம் சேர்ந்தது. பார்க்க ஆள் போதவில்லை. நம் பெண்களையே மருத்துவர்களாக்குவதுதான் வழி என்று அம்மையார் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். பள்ளி வந்தால் போதுமா? கட்டடம் வேண்டும், விடுதி வேண்டும், பெரிய மருத்துவமனை வேண்டும். அப்போது அமெரிக்காவில் ராக்பெல்லர் அறநிதி பத்து லட்சம் டாலர் தர முன்வந்தது. இந்தியா, சீனா, ஜப்பான் மூன்று நாடுகளிலும் இருந்த ஏழு கிறிஸ்தவப் பெண்கள் கல்லூரிகளுக்குச் சேர்த்துத்தான் அந்தப் பணம். வேலூர் அதில் ஒன்று, நம் மதராஸ் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியும் அதில் ஒன்று.

பத்து லட்சம் டாலர்! ஷெல் ஐயா கொடுத்ததைப் போல நூறு மடங்கு. தம்பி முகம் மலர்கிறது. கொஞ்சம் பொறுங்கள் தம்பி, அதில் ஒரு நிபந்தனை இருந்தது. பத்து லட்சம் நாங்கள் தருகிறோம், ஆனால் நீங்கள் இருபது லட்சம் திரட்டினால்தான்!

மறுபடியும் சொல்கிறேன், தூணுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும். உலகத்தின் பெரிய பணப்பெட்டிகளில் ஒன்று, ‘நான் தனியாக வரமாட்டேன், சின்னப் பைகள் எனக்கு இரண்டு மடங்காக முன்னே வரட்டும்’ என்றது.

யார் திரட்டினார்கள்? சபைப் பெண்கள். தலைமை தாங்கியவர் லூசி பீபாடி. இந்த அம்மா யார் தெரியுமா? 1881இல் கணவரோடு மிஷனரியாக நம் மதராசுக்கு வந்தவர். 1886இல் இங்கேதான் கணவர் இறந்தார். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பிய கைம்பெண். பிறகு மறுமணம் செய்தார், சில ஆண்டுகளில் அந்தக் கணவரும் காலமானார். அந்த அம்மாதான் ஊர் ஊராகச் சபைப் பெண்களைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு டாலர் கேட்டு ‘டாலர் நாள்’ என்றே ஒரு நாள் நடத்தினார்கள். தையல் வேலை பார்த்தவள், பள்ளிக்கூடத்து ஆசிரியை, முட்டை விற்றவள், எல்லோரும் போட்ட ஒற்றை ஒற்றை டாலர்! 1923 பிறக்கும்போது இருபது லட்சமும் சேர்ந்துவிட்டது. அப்புறம்தான் அந்தப் பத்து லட்சம் வந்தது.

தம்பி கேட்டார், பிடி அரிசியில் ஆஸ்பத்திரி கட்ட முடியுமா என்று. வேலூரில் கட்டியிருக்கிறார்கள். பணம் மூன்று பங்கு வந்தது என்றால் இரண்டு பங்கு பிடி அரிசி!

அடுத்து எதிரணித் தலைவர் அம்மா ஒன்று சொன்னார்கள். “ரேஷன் கடையில் 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, இனிப் பிடி அரிசி யாருக்கு?” என்றார்கள். அம்மா, அந்த அரிசி வாங்கக் கார்டு வேண்டும். புருஷனைப் பிரிந்து வந்தவள் பெயர் இன்னும் அவன் வீட்டுக் கார்டில் இருக்கும். அதை நீக்கித் தன் பெயரில் புதிய கார்டு வாங்குகிறவரை அவள் உலையில் எதைப் போடுவாள்? கார்டே இல்லாமல் வெளியூரிலிருந்து செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்துக்கு எந்தக் கடையில் பெயர்? சரி, அரிசி கிடைத்தே விட்டது. பருப்பு? எண்ணெய்? வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போகிறவருக்குப் பஸ் காசு? நம் சபைகளில் பிடி அரிசியை அப்படியேயும் கொடுக்கிறார்கள், ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் ஏலம் விட்டுக் காசாக்கியும் கொடுக்கிறார்கள். கடை விலையை விடக் கூடக் கொடுத்துத்தான் சபையார் எடுப்பார்கள். அந்தக் காசு பருப்பாகவும் பஸ் டிக்கெட்டாகவும் போய்ச் சேரும்.

கைப்பிடி அரிசி என்றால் ஏதோ பாட்டி காலத்துப் பழக்கம் என்று நினைப்பவர்களுக்குக் கணக்கைச் சொல்கிறேன். ஒரு பெண்ணின் கைப்பிடியில் சுமார் 40 கிராம் அரிசி நிற்கும். இரண்டு வேளை உலை வைத்தால் நாளுக்கு 80 கிராம், மாதம் 2 கிலோ 400. நூறு வீட்டுச் சபை என்றால் 240 கிலோ. வீட்டுக்குப் பத்துக் கிலோ வீதம் 24 வீட்டுக்குப் போகும். பாதி வீடு மறந்துபோனால்கூட 12 வீட்டு அடுப்பு எரியும்.

ஆனால் இதைச் செய்யத் தெரிந்து செய்ய வேண்டும். எத்தனையோ சபைகளில் ஆர்வமாகத் தொடங்கி நான்காம் மாதம் நின்றுபோனது ஏன்? அரிசியைக் களைவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். களைந்த கையோடு, ஈரத்தோடு டப்பாவில் போட்டால் ஒரே வாரத்தில் கட்டி பிடிக்கும், பூஞ்சணம் வாடை அடிக்கும், அதை யாருக்குக் கொடுப்பீர்கள்? டப்பாவுக்கு இறுக்கமான மூடி வேண்டும், அதை வெயிலில் காயவைத்த பிறகு நிரப்ப வேண்டும். வாரம் தவறாமல் சேகரிக்க வேண்டும். மாதக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஒரு வீட்டு வண்டு மூட்டை முழுவதும் இறங்கிவிடும்.

அதை விடப் பெரிய தவறு, எல்லா அரிசியையும் ஒரே மூட்டையில் கொட்டுவது. பச்சரிசி குழைந்துவிடும், அதே பானையில் புழுங்கலரிசி விறைத்து நிற்கும். வாங்கிப் போனவள் ஒரு வேளை சமைத்துப் பார்ப்பாள், அடுத்த மாதம் வரமாட்டாள். வரவில்லை என்றதும் கமிட்டியில் ஒருவர் எழுந்து, “நம்ம சபையில் ஏழைகளே இல்லை” என்று தீர்மானம் கொண்டுவருவார்! புழுங்கலுக்கு ஒரு சாக்கு, பச்சைக்கு ஒரு சாக்கு, இட்லி அரிசிக்கு ஒரு சாக்கு. தவறிக் கலந்துவிட்டால் மில்லில் குருணையாக உடைத்துப் பயற்றம்பருப்போடு கஞ்சிக்குக் கொடுங்கள். இன்னொன்று, ரேஷன் அரிசியில் சற்றே வேறு நிறத்தில் செறிவூட்டிய மணிகள் கிடப்பதுண்டு. பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறிகிறார்கள். அது இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12ம் சேர்த்துச் செய்த மணி, நூறுக்கு ஒன்று வீதம் கலப்பது. அதை எறியாதீர்கள் தாய்மாரே, சத்துக்காகச் சேர்த்த மணி அது.

கொடுக்கிற இடத்திலும் தவறு நடக்கும். ஆதிச் சபையிலேயே நடந்தது. வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம். அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள், முறுமுறுப்பு எழும்பியது. அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்! விடுபட்டுப் போனவர்கள் பக்கத்து ஆட்களிடமே பங்கீட்டைக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் பட்டியல் எழுதுகிற கமிட்டியில் மேலத்தெருக்காரர்கள் மட்டும் உட்கார்ந்தால் கீழத்தெருப் பெயர் விடுபடும். சபையில் பெயர் இல்லாதவர்கள், வேறு கோயிலுக்குப் போகிறவர்கள், அவர்கள் பசியும் அந்தப் பட்டியலில் ஏற வேண்டும். எடை போடும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும், இரண்டு கையெழுத்து இருக்க வேண்டும். அப்போஸ்தலர் பவுலே எருசலேமின் ஏழைகளுக்குத் திரட்டிய பணத்தைத் தனியாக எடுத்துப் போகவில்லை, ஒருவரும் குறை சொல்லக்கூடாது என்று சபைகள் நியமித்த ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயா, இன்னும் இரண்டு நிமிடம் கொடுங்கள்.

மிசோரம் மலைகளில் 1910 வாக்கில், கையில் காசு புழங்காத பெண்கள், ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி எடுத்து வைக்கத் தொடங்கினார்கள். ‘பூபாய் தாம்’ என்கிறார்கள். இன்று அந்த அரிசி கோடிக்கணக்கில் காசாகிறது. நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, பாளையங்கோட்டையில் 1903இல் இந்திய மிஷனரி சங்கம் கண்டவர், 1912இல் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பேராயரானார். அவருடைய சபையார் பெரும்பாலும் நிலமில்லாத கூலிகள், தீண்டாமையில் நொறுங்கியவர்கள். ‘பாவம், இவர்களிடம் எப்படிக் கேட்பது’ என்று அவர் ஒதுக்கவில்லை. அவர்களிடமும் கைப்பிடி தானியம் கேட்டார்.

இங்கேதான் என் அணி நிற்கிறது ஐயா. நம் பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மாரிடம் ஒன்று கேட்கிறேன். சேகரிக்கப் போகும்போது, மாதம் பத்துக் கிலோ வாங்குகிற கைம்பெண் வீட்டைத் தாண்டிப் போய்விடுகிறீர்களே, இரக்கப்பட்டுத்தான் போகிறீர்கள், எனக்குத் தெரியும். போகாதீர்கள். அவள் வீட்டுக்கும் ஒரு டப்பா கொடுங்கள். கொடிய தரித்திரத்தில் இருந்த மக்கெதோனியாச் சபையார், ‘எங்களையும் கொடுக்க விடுங்கள்’ என்று பவுலிடம் மன்றாடினார்கள். அவர் மறுக்கவில்லை. பெரிய காசோலையில் அவளுக்கு இடம் இல்லை ஐயா. அங்கே அவள் வாங்குகிறவள் மட்டும்தான், போட்டோவில் ஓரமாகப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள். சாக்கு மூட்டையில் அவள் போட்ட அரிசியும் டாக்டரம்மா போட்ட அரிசியும் கலந்து கிடக்கிறது. எது யாருடையது என்று யார் பொறுக்கி எடுக்க முடியும்?

எலியா தீர்க்கதரிசி பஞ்ச காலத்தில் பசியோடு போனார். கர்த்தர் அனுப்பிய ஊர் சீதோனுக்கு அடுத்த சாறிபாத். கப்பலும் வாணிபமும் செழித்த சீமை அது. பணக்காரர் வீடு அங்கே இல்லாமலா போயிற்று? ஊர் வாசலில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு விதவையிடம் அனுப்பினார். எலியா தண்ணீர் கேட்டார், எடுக்கப் போனாள். அப்பமும் கேட்டார். அப்போதுதான் அவள் வாய் திறந்தாள். பானையில் ஒரு பிடி மா இருக்கிறது, கலசத்தில் கொஞ்சம் எண்ணெய் இருக்கிறது, இரண்டு விறகு பொறுக்குகிறேன், நானும் என் மகனும் சாப்பிட்டுச் செத்துப்போவோம் என்றாள். ஒரு பிடி மா, நடுவர் ஐயா! பிள்ளைக்கு வைத்திருந்த கடைசிப் பிடி. அதில் முதல் அடையை, அறியாத ஒரு அந்நியனுக்குச் சுட்டுக் கொடுத்தாள். மழை பெய்கிற நாள்வரைக்கும் அந்தப் பானையில் மா குறையவில்லை, கலசத்தில் எண்ணெய் வற்றவில்லை.

எதிரணியார் ராபர்ட் ஷெல்லைக் கூட்டி வந்தார்கள். அவருக்கும் நான் கைகூப்புகிறேன். எங்கள் அணிக்கு நான் சாறிபாத் ஊர்க்காரியைக் கூட்டி வந்திருக்கிறேன். நடுவர் ஐயா, தீர்ப்பு எழுதும்போது அவள் முகத்தையும் ஒரு தரம் பார்த்து எழுதுங்கள். வணக்கம்.