அடுத்த பந்தி எப்போது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துத் தொடரைப் பிரிவுகளாக அமைத்து, வென்ற அணி மேலே ஏறவும் தோற்ற அணி கீழே இறங்கவும் வழி செய்ய வேண்டும் என்பது எங்கள் கட்சி.

பந்தியில் உட்கார்ந்தவனைப் பாதியில் எழுப்புவது தமிழர் பண்பாடா என்று கேட்டு, எதிரணி நண்பர் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். ஐயா, சாப்பிட்டு முடித்து, பாயசம் குடித்து, இலையையும் மடித்த பிறகு எழுந்திருக்க மறுப்பவரைப் பற்றியல்லவா நாங்கள் பேசுகிறோம்? அவர் லீக்கில் சேர உரிமைக் கட்டணம் என்று பெரிய மொய் எழுதியவராம். மொய் நோட்டைப் பார்த்து இலை போடும் கல்யாண வீட்டை நான் கண்டதில்லை. கண்டிருந்தால் கை நனைத்திருக்க மாட்டேன்.

2018-19 பந்தியைப் பாருங்கள். சூப்பர் லீக்கின் 10 அணிகளில், முந்தைய ஆண்டின் சாம்பியனான ‘சென்னையின் எஃப்.சி.’ அணி 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளோடு கடைசியில் நின்றது. அது அடுத்த ஆண்டே இறுதிப் போட்டிக்கு வந்ததே என்பார் நண்பர். வரட்டும், கீழே போய்த் திரும்பி வந்திருந்தால் இன்னும் உரக்கக் கைதட்டியிருப்பேன். அதே பருவத்தில் இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கை வென்றது கோவையில் ஆடிய சென்னை சிட்டி. கடைசியில் நின்றவர் இருக்கையில். முதலில் வந்தவர் வாசலில்!

பின்னர் ஐ-லீக்கிலிருந்து 2023இல் பஞ்சாப் அணியும் 2024இல் முகமதன் அணியும் மேலே ஏறின. ஆனால் 2024-25இல் முகமதன் கடைசியில் முடித்தும் எவரும் இறங்கவில்லை. ஏணி வைத்தார்கள், ஒரு பக்கத்துக்கு மட்டும்.

2019 மார்ச் 9 அன்று, சென்னை சிட்டியின் கடைசி ஐ-லீக் ஆட்டத்தில், கோவை நேரு விளையாட்டரங்கில் நானும் இருந்தேன். எதிர்த்து ஆடிய மினர்வா பஞ்சாப் மூன்றாம் நிமிடமே கோல் போட்டது. கோழிக்கோட்டில் கொல்கத்தா அணியான ஈஸ்ட் பெங்கால் வென்று, இங்கே நாம் தவறினால் கோப்பை கொல்கத்தாவுக்கு. இடைவேளையில் வாங்கிய சுண்டல் என் கையிலேயே ஆறிப்போனது. பிறகு பெட்ரோ மான்சியின் பெனால்டி, அடுத்து தடுப்பாட்டக்காரர் கௌரவ் போராவின் இரண்டு கோல்கள். ஈஸ்ட் பெங்காலும் வென்றிருந்தது. 43க்கு 42, ஒரே புள்ளியில் கோப்பை நமக்கு. தோளில் ஏறியிருந்த என் அக்கா மகன் குனிந்து, “மாமா, அடுத்த வருஷம் நம்ம டீம் பெரிய லீக்ல ஆடுமா?” என்று கேட்டான்.

இன்று அந்த அணி தேசிய லீக்கிலேயே இல்லை. அன்று அவன் போட்டிருந்த ஜெர்சியை அக்கா இன்னும் பீரோவில் மடித்து வைத்திருக்கிறார். தீர்ப்பு எழுதும்போது அந்தப் பையனைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள், நடுவர் அவர்களே. நன்றி.