கோப்பில் எழுதும் ஒரு சொல்

வணக்கம்.

மறுவாழ்வு ஆலோசனையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன் என்று சொன்னால், நம் ஊரில் முதலில் வரும் கேள்வி, "குடியை நிறுத்த வைக்கிற படிப்பா?" என்பதுதான். அதுவும் இதில் அடக்கம். ஆனால் ஊனமுற்றவர்கள் வேலைக்கும் வாழ்க்கைக்கும் திரும்ப வழிகாட்டுவதுதான் இதன் மையம். நான் படிக்கும் அமெரிக்காவில் இத்துறை போர்க்காயத்திலிருந்து பிறந்தது. ஊனமுற்றுத் திரும்பிய சிப்பாய்களுக்குத் தொழிற்பயிற்சி தர 1918இல் ஒரு சட்டம் வந்தது. 1920இல் பொதுமக்களுக்கும் வழி திறந்தது. 1954இல் ஆலோசகர்களை உருவாக்க அரசு நிதி தந்த பிறகுதான் பல்கலைக்கழகங்களில் இது பட்டப்படிப்பாக வேரூன்றியது.

வகுப்பில் நான் தவறாமல் சொல்வது எட் ராபர்ட்ஸின் கதை. பதினான்கு வயதில் போலியோ வந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இரும்பு நுரையீரல் என்ற பெரிய உருளைக்குள் படுத்துத்தான் தூங்க முடியும். கலிபோர்னியா மாநில மறுவாழ்வுத் துறையிடம் படிப்புக்கு உதவி கேட்டார். இவரால் எந்தக் காலத்திலும் வேலை பார்க்க முடியாது என்று துறை மறுத்தது. செய்தி பத்திரிகைக்குப் போனதும் முடிவு மாறியது. 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1975இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அவரை அதே மறுவாழ்வுத் துறைக்கே தலைவராக்கினார்!

அவர் விண்ணப்பத்தை மறுத்தவர்கள் கெட்டவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. விதிமுறை கேட்டதை எழுதியிருப்பார்கள். எனக்குப் பயமே அதுதான். கோப்பில் நாம் எழுதும் ஒரு சொல் ஒருவருடைய இருபது வருடத்தைத் தின்றுவிடும். அந்தப் பேனாவைப் பிடிக்கப் போகிற ஆலோசகருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் முனைவர் பட்டம் முடித்தவரின் முதல் வேலை. கட்டுரை வெளியிடுவதும் நிரந்தரப் பதவிக்காக ஐந்தாறு வருடம் ஓடுவதும் எல்லாத் துறையிலும் உள்ளவைதான்.

எங்கள் துறையில் இவற்றோடு சேர்ந்து வருவது மேற்பார்வை. முதுகலை மாணவர்கள் களத்தில் அறுநூறு மணி நேரம் பயிற்சி எடுக்க வேண்டும். அவர்களுடைய உரையாடல் பதிவை உடன் உட்கார்ந்து கேட்டுத் திருத்துவது எங்கள் பொறுப்பு.

நான் கேட்ட முதல் பதிவுகளில் ஒன்று. சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட கட்டடத் தொழிலாளி பேசுகிறார். "நான் உயரத்தில் நின்று வேலை பார்த்தவன்" என்று சொல்லிவிட்டு நிறுத்துகிறார். மூன்று நொடி கூட ஆகவில்லை, மாணவி அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டாள்: "உட்கார்ந்து என்ன வேலை செய்ய முடியும்?" பதிவை நிறுத்தி, "இங்கே ஏன் அவசரப்பட்டாய்?" என்று கேட்டேன். "அவர் அழுதுவிடுவாரோ என்று பயமாக இருந்தது" என்றாள். சரி, அழட்டும், நீ பக்கத்தில் இரு என்றேன். அவளுக்குச் சொன்னேனா, எனக்கே சொல்லிக்கொண்டேனா தெரியாது.

அடுத்த வாரப் பதிவில் அதே போல ஒரு மௌனம். நாற்காலி கிறீச்சிடுகிறது, எங்கோ ஒரு கதவு சாத்தப்படுகிறது. அவள் வாய் திறக்கவில்லை. அப்புறம் அந்த மனிதரே மெதுவாகச் சொன்னார்: "எங்கள் குழுவில் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்."

மாணவி அந்த வரியைக் குறித்துக்கொண்டாள். இருவரும் அங்கிருந்து பேச ஆரம்பித்தார்கள்.