நீரடித்து நீர் விலகாது

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையே நம் அழைப்பை ஏற்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்கு முன் பேசி அவையை நிறைத்த பேராசிரியர் ஐயா அவர்களே, அடுப்படியிலிருந்து இப்போதுதான் வந்து அமர்ந்த தாய்மார்களே, மெல்பர்ன்வாழ் தமிழ் உறவுகளே, வணக்கம்.

குடும்பம், வீடு, வாக்குரிமை ஆகிய மூன்றும் ஆஸ்திரேலியர் நெஞ்சில் பெறும் இடத்தைப் பேச வந்தேன். வெள்ளைக்காரருக்குப் பாசம் குறைவு என்று நம்மவர் சொல்வதுண்டு. நீரடித்து நீர் விலகாது என்னும் பழமொழி நமக்கு மட்டும் உரியதன்று.

என் பக்கத்து வீட்டு அம்மையாரின் ஒரே மகள் லண்டனில் இருக்கிறாள். 2020 மார்ச்சில் எல்லை மூடப்பட்டு, சிறப்பு அனுமதியின்றிக் குடிமக்களும் நாட்டை விட்டு வெளியேற முடியாதிருந்த அந்த ஆண்டில் அவளுக்குக் குழந்தை பிறந்தது. அம்மையார் மஞ்சள் கம்பளி நூலில் சட்டை பின்னினார்; அஞ்சலில் போய்ச் சேர்வதற்குள் பேத்தி வளர்ந்துவிடுவாள் என்று ஒவ்வொரு சட்டையையும் முந்தையதைவிடப் பெரிதாகப் பின்னினார். 2021 நவம்பரில், தடுப்பூசி போட்ட குடிமக்களுக்கு வழி திறந்தபின் மகள் குழந்தையோடு வந்தாள். அதற்கென்றே எடுத்து வைத்திருந்த நான்காவது சட்டையின் கை, குழந்தையின் முழங்கையோடு நின்றுவிட்டது. அம்மையார் அன்றிரவே அதைப் பிரித்து, அதே நூலை மறுபடி பந்தாகச் சுற்றியதை நான் வேலியருகே நின்று பார்த்தேன். நீரடித்து நீர் விலகுமா, சொல்லுங்கள்!

வீட்டைப் பற்றிச் சொல்வதானால், இங்கேயே பிறந்து இங்கிலாந்தைக் கண்ணால் காணாதவர்களும் அதையே 'ஹோம்' என்று அழைத்த காலம் ஒன்றிருந்தது. ஆஸ்திரேலியக் குடியுரிமையே 1949 ஜனவரி 26 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இன்று அந்த லண்டன் மகளுக்கு 'ஹோம்' என்பது தாயின் கொல்லைப்புறம். அது தனி உரைக்குரிய பொருள்.

வாக்குரிமைக்கு வருகிறேன். 1924 முதல் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பது இங்கே கட்டாயம். தவறினால் 20 டாலர் அபராதம். ஆனால் அயல்நாடு செல்பவர் வெளிநாட்டு வாக்காளராகப் பதிவு செய்ய, ஆறு ஆண்டுகளுக்குள் திரும்பும் எண்ணம் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். எப்போது திரும்புவேன் என்று தெரியாது என உண்மையைச் சொன்ன அந்த மகளால் பதிவு செய்ய முடியவில்லை. தாயை இங்கே வைத்திருப்பவளுக்கு, தாய் வாழும் நாட்டின் மருத்துவமனைகளையும் முதியோர் பராமரிப்பையும் பற்றி ஒரு சொல் சொல்ல உரிமை இல்லையா? நீரடித்து விலகாத நீரைச் சட்டம் விலக்கலாமா?

இந்த ஆறாண்டு நிபந்தனையை நீக்கக் கோரும் நாடாளுமன்ற மனு, வாயிலருகே உள்ள மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து அம்மையாருடையது. தேநீருக்குச் செல்லுமுன் அவருக்குக் கீழே உங்கள் பெயரையும் எழுதிவிட்டுச் செல்லுமாறு வேண்டுகிறேன்.