ஜென் 5 வருமுன் வந்த இரண்டு செய்திகள்

[திரையில்: ஒரு பிராசஸர், பின்பக்கம் தெரியும்படி]

வணக்கம். சிப் நிறுவனமான ஏஎம்டியின் ஜென் 5 டெஸ்க்டாப் பிராசஸர் 2024 ஆகஸ்டில் கடைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் அதைப் பற்றி வந்த இரண்டு செய்திகளை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, பிப்ரவரியில். நாம் எழுதும் சி புரோகிராமை பிராசஸருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் ஜிசிசி கம்பைலருக்கு ஏஎம்டி தரப்பிலிருந்தே ஒரு பேட்ச், அதாவது கம்பைலரின் நிரலில் சேர்க்க வேண்டிய மாற்றங்களின் கோப்பு, வந்தது. ஜென் 5-இல் என்னென்ன புதிய கட்டளைகள் இருக்கும் என்ற பட்டியல் அதிலேயே இருந்தது.

[திரையில்: பேட்ச் கோப்பு, ஒரு வரி மஞ்சளில்]

இந்த வரியைப் பாருங்கள். விபி2இன்டர்செக்ட். இரண்டு எண் வரிசைகளிலும் பொதுவாக இருப்பவை எவை என்று ஒரே கட்டளையில் கண்டுபிடிப்பது இதன் வேலை. போட்டி நிறுவனமான இன்டெல் தன் டைகர் லேக் பிராசஸரில் கொண்டுவந்து, அப்புறம் கைகழுவிய கட்டளை. அதைப் போய் ஏஎம்டி தத்தெடுக்கும் என்று கதை கட்டுகிறவருக்குக்கூடத் தோன்றியிருக்காது! ஆகஸ்டில் சிப் வந்தது, கட்டளையும் இருந்தது.

ஏன் இதை நம்பலாம்? சிப்பில் இல்லாத கட்டளையைக் கம்பைலர் போட்டுவைத்தால், புரோகிராம் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். அதனால் இங்கே யாரும் அளந்துவிட முடியாது. சிப் வருமுன் கம்பைலர் தயாராக இருக்க வேண்டும் என்பதால் ரகசியமாக வைத்திருக்கவும் முடியாது. மே மாதம் வெளிவந்த ஜிசிசி 14-இல் இந்த பேட்ச் சேர்ந்துவிட்டது.

இரண்டாவது செய்தி, ஏப்ரல் வாக்கில் சமூக ஊடகத்தில் ஓடியது: முந்தைய தலைமுறையான ஜென் 4-ஐவிட ஒவ்வொரு கோரும் (பிராசஸருக்குள் கணக்குப் போடும் ஒவ்வொரு தனிப் பகுதியும்) 40 சதவீதத்துக்கும் மேல் வேகம். ஜூனில் தைப்பே கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் ஏஎம்டி சொன்ன கணக்கு, ஒரே கிளாக்கில் (இரண்டு சிப்பையும் ஒரே கிகாஹெர்ட்ஸில் ஓட்டினால்) சராசரி 16 சதவீதம்.

[திரையில்: ஏஎம்டியின் பட்டை வரைபடம்]

அந்தச் சராசரிக்குள்ளேயே எவ்வளவு இடைவெளி பாருங்கள். ஃபார் க்ரை 6 விளையாட்டில் 10 சதவீதம். வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் மென்பொருளின் என்கிரிப்ஷன் சோதனையில் 35. எந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறோமோ, அதற்கேற்ற தலைப்பு கிடைக்கும். எந்தச் சோதனை, எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று இல்லாமல் ஒரு சதவீதம் மட்டும் தனியாக வந்தால், நான் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. முன்கூட்டியே கசியும் கீக்பெஞ்ச் மதிப்பெண்ணும் இதே கதைதான். பெரும்பாலும் அது கிளாக்கைக் குறைத்து ஓட்டும் மாதிரிச் சிப்.

சரி, கம்பெனியே சொன்னால்? அதுவும் திட்டம்தான். ஆரோ லேக் என்ற தன் சிப்பை 20ஏ என்ற தன் புதிய தயாரிப்பு முறையில் செய்வோம் என்று இன்டெல் 2022-இல் அறிவித்தது. 2023 செப்டம்பரில், அப்போதைய தலைவர் பேட் கெல்சிங்கர் 20ஏ வேஃபரை (சிப்புகளை வெட்டி எடுக்கும் சிலிக்கான் தட்டை) மேடையிலேயே தூக்கிக் காட்டினார். ஒரு வருடத்துக்குள், ஆரோ லேக்குக்கு 20ஏ இல்லை என்று இன்டெல்லே சொல்லிவிட்டது. 2024 அக்டோபரில் ஆரோ லேக் வந்தது. அதன் சிபியு கோர்கள் இருக்கும் டைலை (சிப்பின் தனித் துண்டை) செய்தது தைவானின் டிஎஸ்எம்சி.

[திரையில்: மேடையில் வேஃபர்]

இந்த வேஃபர் பொய்யில்லை. ஆனால் 20ஏ-இல் செய்த ஆரோ லேக் ஒன்றுகூடக் கடைக்கு வரவில்லை.