விற்பவருக்கும் ஒரு நாற்காலி

அவையோர்க்கு வணக்கம்.

கடைத் தொழிலாளர் கூட்டங்களில் பேசித்தான் எனக்குப் பழக்கம். அங்கே சம்பளம், சீசன் வேலை, விடுப்பு என்று பேச்சு போகும். இன்று இந்த நூலக அரங்கில் இருப்பவர்கள் அநேகமாக எல்லாரும் கடைக்கு வாங்க வருகிறவர்கள். அதனால் ஜவுளிக்கடைப் பட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் நின்றவன் என்ற உரிமையில் உங்களைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

கல்யாணப் புடவை எடுக்க ஒரு குடும்பம் வந்தால் எட்டுப் பத்துப் பேர் வருவார்கள். பணம் கொடுப்பவர் ஒருவர், கட்டிக்கொள்ளப் போகும் பெண் ஒருத்தி, முடிவு சொல்கிறவர் வேறு ஒருவர். பெரும்பாலும் பின்வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அத்தையோ பெரியம்மாவோதான் அது. அவர் முகத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்காதவன் மாலை வரை புடவை விரித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். "எவ்வளவுல பாக்குறீங்க?" என்று நேராகக் கேட்டால் பலர் கூசிப்போவார்கள். சம்பந்தி வீட்டார் பக்கத்தில் இருக்கும்போது எந்தத் தகப்பன் தொகையை வாய்விட்டுச் சொல்வான்? ஆகவே கேட்காமலே நடுத்தர விலையில் இரண்டு விரிப்போம். விலைச்சீட்டைத் திருப்பும் கை எங்கே தயங்குகிறது என்று பார்ப்போம். அதற்கேற்பத்தான் அடுத்த அடுக்கு இறங்கும். நாலு பேர் முன்னால் ஒருவர் தலைகுனியாமல், அவர் சக்திக்குள் நல்ல சரக்கை எடுத்துக் கொடுப்பது பெரிய வித்தை. அதைக் கற்றுத் தந்த மூத்த விற்பனையாளர்களை நான் ஆசிரியர்களாகவே நினைக்கிறேன்.

முந்தி, உடல், பார்டர் என்று ஐம்பது அறுபது புடவை பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு கடை பாத்துட்டு வர்றோம்" என்று எழுந்து போவார்கள். அது அவர்கள் உரிமை. வாழ்நாளில் ஒரு தடவை எடுக்கும் புடவை, நன்றாகப் பார்க்கட்டும். ஆனால் அவர்கள் படியிறங்கியதும் சூப்பர்வைசர் வந்து, "ஏன் பில் ஆகல? நீ சரியா பேசல" என்பார். அந்தக் கேள்வி அவர்களுக்குக் கேட்பதில்லை. விரித்ததையெல்லாம் பழைய மடிப்பு மாறாமல் மடித்து அடுக்க வேண்டும். அதற்குள் அடுத்த குடும்பம் வந்துவிடும். இவ்வளவும் நின்றபடி.

நின்றபடி என்பதைத்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

பழைய ஜவுளிக்கடைகளை உங்களில் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினால் தரையில் ஜமக்காளமோ மெத்தையோ விரித்திருக்கும். வாங்குகிறவரும் உட்காருவார், விற்கிறவரும் எதிரே சம்மணம் போட்டு உட்காருவார். முகத்துக்கு முகம் பேச்சு நடக்கும். காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் இன்றும் அப்படி உட்கார்ந்து விற்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே யாருக்கும் மரியாதை குறைந்ததாகத் தெரியவில்லை. பிறகு மாடி மேல் மாடியாகக் கடைகள் எழுந்தன, கவுன்ட்டர் வந்தது. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டார்கள், அந்தப் பக்கம் போடவில்லை. உட்கார்ந்திருக்கும் விற்பனையாளன் சோம்பேறி என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வேர்விட்டது என்று நினைக்கிறேன்.

பண்டிகைக் காலத்தில் காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் வெளியே வர இரவு பத்தரை ஆகும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டிலேயே வந்தது. நாளுக்கு 8 மணி நேரம், மிகை நேரம் சேர்த்தாலும் 10 என்கிறது அது. சட்டத்தை மீறி அத்தனை நேரம் நின்ற கால்கள் என்ன ஆகும்? முதலில் பாதம் வீங்கும், பிறகு கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைக்கும். தென்மாவட்டங்களிலிருந்து சென்னைக் கடைகளுக்கு வந்து, விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

கேரளத்தில் இதற்கு எதிரான குரல் கழிப்பறையிலிருந்து தொடங்கியது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் அப்போது கடைப் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கவில்லை. அவசரத்துக்குப் போக இடமில்லாததால் தண்ணீர் குடிக்காமலே நாளை ஓட்டினார்கள். தையல் தொழிலாளி விஜி அவர்களைத் திரட்டி 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உருவாக்கினார். கழிப்பறை கேட்டவர்கள் பிறகு உட்காரும் உரிமையும் கேட்டார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் பேரவையில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் அதேபோன்ற திருத்தத்தைக் கொண்டுவந்தார். 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. பணிக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லாப் பணியாளருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பிரிட்டனில் 1899லேயே பெண் பணியாளர் மூவருக்கு ஓர் இருக்கை என்று சட்டம் போட்டுவிட்டார்கள். அந்த நாட்டின் முதல் பெண் கேபினெட் அமைச்சரான மார்கரெட் பாண்ட்ஃபீல்டும் ஒரு காலத்தில் துணிக்கடையில் நின்று, கடை விடுதியில் தங்கியவர்தான்.

சரி, நம் ஊரில் சட்டம் வந்தது, ஸ்டூலும் வந்தது. பல கடைகளில் அதன்மேல் துணிக்கட்டு உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகளைக் கேட்டால், "உக்காந்தா சார் திட்டுவாரு" என்பார்கள். சாரைக் கேட்டால் வேறு பதில் வரும்: "கஸ்டமர் வர்ற நேரத்துல உக்காந்திருந்தா அவங்க என்ன நினைப்பாங்க?"

அவர் சொல்கிற கஸ்டமர் நீங்கள்தான். நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள் என்று சொல்லித்தான் எங்களை நிற்க வைக்கிறார்கள். சிலர் கோபிக்கவும் செய்கிறார்கள் என்பதை மறைக்க மாட்டேன். விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவார்கள். கட்டிக் கசங்கி, மஞ்சள் கறை பட்ட புடவையைக் கொண்டுவந்து, "பிரிக்கவே இல்ல, மாத்திக் குடு" என்று என் மகள் வயதுப் பெண்ணிடம் கத்துவார்கள். மாற்றிக்கொடுத்தால் கடையில் திட்டு, மறுத்தால் இவர்களிடம் திட்டு. அந்தப் பெண் இருவருக்கும் நடுவில் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும்.

ஆனால் இன்னொரு வகை மனிதர்களையும் பார்த்திருக்கிறேன். விழுப்புரம் பக்கத்திலிருந்து பேத்தி கல்யாணத்துக்கு வந்த ஒரு பாட்டி நாலைந்து புடவை பார்த்ததும் சொன்னார்: "தம்பி, நீ உக்காரு. நீ நின்னுக்கிட்டே பேசினா அண்ணாந்து பாத்துக் கழுத்து வலிக்குது எனக்கு." நான் சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவரே ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். நாங்கள் பல மாதம் கேட்டுக் கிடைக்காதது அந்த அம்மாளின் ஒரு வார்த்தையில் கிடைத்தது.

அந்த வார்த்தையைத்தான் உங்களிடமும் கேட்டு வந்திருக்கிறேன். உங்களைப் பார்த்ததும் ஒரு பெண் பதறி எழுந்தால், "உக்காரும்மா, உக்காந்தே காட்டு" என்று சொல்லுங்கள். பில் போடும்போது மேலாளரிடம், "இவங்க உக்கார இடம் எங்கே இருக்கு?" என்று விசாரியுங்கள். நாங்கள் கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் உண்டு. உங்களுக்கு அது இல்லை. கடை பதில் சொல்லாவிட்டால், தொழிலாளர் துறை உதவி ஆய்வாளருக்கு யாராவது ஒருவர் எழுதிப் போடுங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து எழுதலாம்.