தென்கடல் தீவுகளும் சீனத் தூரிகையும்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

சிங்கப்பூரில் வாழும் நாம் ஐம்பது வெள்ளித் தாளை, அதாவது ஐம்பது டாலர் நோட்டை, எத்தனையோ முறை கைமாற்றியிருப்போம். 1999ஆம் ஆண்டு வெளியான வரிசையைச் சேர்ந்த அந்தத் தாளின் முன்புறத்தில் நாட்டின் முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கின் உருவம் இருக்கிறது. பின்புறத்துக்குக் கலையே கருப்பொருள். அங்கே வீணை, பிப்பா, கொம்பாங், வயலின் என நான்கு இசைக்கருவிகளும் அவற்றோடு இரண்டு ஓவியங்களும் அச்சாகியுள்ளன. ஓர் ஓவியத்தில் கொடிகளுக்கு நடுவே இரண்டு கிப்பன் குரங்குகள் இருக்கின்றன. மற்றதில் கம்பம் எனப்படும் கடலோரச் சிற்றூரின் மக்கள் உப்பிட்ட மீனைக் காயவைக்கிறார்கள். நெய்தல் நிலப் பாடல்களில் மீன் உணங்கலைப் பறவைகள் கவர்ந்து செல்லாமல் காத்து நிற்கும் பெண்ணை அறிந்த நமக்கு அந்தக் காட்சி அந்நியமானதன்று. அதை வரைந்தவர் சீனாவின் அமோய் துறைமுக நகரில் பிறந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிங்கப்பூரில் குடியேறிய சியோங் சூ பியெங். குரங்குகளை வரைந்தவர் குவாங்டோங் மாநிலத்திலிருந்து வந்த சென் வென் ஷி. இவ்விருவரையும், இவர்களுடன் பயணம் செய்த லியு காங், சென் சோங் ஸ்வீ ஆகியோரையும் பற்றியே இன்று பேச வந்துள்ளேன்.

கலையின் வழியாகப் பண்பாடுகள் பரிமாறிக்கொள்கின்றன என்று மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். அந்தப் பரிமாற்றம் ஓர் ஓவியத்தில் எந்த இடத்தில் நிகழ்கிறது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. ஒரு சீன ஓவியர் தென்னை மரத்தை வரைந்துவிட்டால் அது பரிமாற்றம் ஆகிவிடுமா? என் கருத்தில் ஆகாது. தென்னையை வரைவதற்காக அவருடைய கை தான் கற்ற பழைய கோட்டை மாற்றிக்கொள்ள நேர்ந்ததா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அந்த மாற்றத்தைத்தான் இந்த நால்வரின் ஓவியங்களில் நான் தேடிப் பார்க்கிறேன்.

தென்கிழக்கு ஆசியாவைச் சீனர்கள் ‘நன்யாங்’, அதாவது தென்கடல், என்று அழைத்தார்கள். சீனாவிலிருந்து பார்ப்பவருக்கே இது தெற்கில் இருக்கும் கடல். கடலைத் தாண்டி வந்து குடியேறியவர் அதே சொல்லைத் தாம் நிற்கும் மண்ணுக்கும் சூட்டும்போது, அந்தச் சொல்லுக்குள் ஒரு பிரிவும் ஒரு வருகையும் சேர்ந்தே ஒலிக்கின்றன. 1938இல் லிம் ஹாக் தாய் சிங்கப்பூரில் தொடங்கிய ஓவியப் பள்ளி இந்தப் பெயரையே ஏற்றது. நன்யாங் நுண்கலைக் கல்லூரி என்று நாம் இன்று அறியும் நிறுவனம் அதுதான். பல இனத்தாரின் பண்பாடுகளை இணைப்பது, கிழக்கு மேற்கு ஓவிய மரபுகளுக்குப் பாலமாவது, வெப்பமண்டல நிலத்தின் சுவையை வெளிப்படுத்துவது ஆகியவை அவர் அங்கே வகுத்த கொள்கைகளுள் அடங்கும். ஜப்பானிய ஆதிக்கத்தின்போது மூடப்பட்டு, போருக்குப் பின் 1946இல் மீண்டும் திறக்கப்பட்ட அந்தப் பள்ளியில் சியோங்கும் இரு சென்களும் ஆசிரியர்களாகப் பணியாற்றினார்கள். கொள்கைகளைத் தாளில் எழுதுவது எளிது. அவற்றைத் தூரிகையில் ஏற்றுவது எவ்வளவு கடினம் என்பதை அந்த ஆசிரியர்கள் தங்கள் சொந்த ஓவியங்களில் அனுபவித்தார்கள்.

நிலக்காட்சி ஓவியத்துக்குச் சீன மொழியில் ‘ஷான்ஷுய்’ என்று பெயர். மலையும் நீரும் என்பது அதன் பொருள். 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குவோ ஷி என்னும் ஓவியர் மலையைக் காணும் தொலைவுகளை மூன்றாக வகுத்தார். அடிவாரத்தில் நின்று சிகரத்தை அண்ணாந்து நோக்குவது ஒன்று. ஒரு மலையின் முன்னிருந்து அதன் பின்னே அடுக்கடுக்காய்க் கிடக்கும் மலைகளுக்குள் பார்வையைச் செலுத்துவது இன்னொன்று. அருகிலுள்ள மலையிலிருந்து தொலைதூர மலைகளைச் சமமாகப் பார்ப்பது மூன்றாவது. இந்தப் பயிற்சியோடு வந்து இறங்கியவர் சிங்கப்பூரில் எதைக் கண்டிருப்பார்? தீவின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமாவின் உயரம் ஏறத்தாழ 164 மீட்டர்தான். அண்ணாந்து பார்க்கச் சிகரமும் இல்லை, ஊடுருவிப் பார்க்க மலையடுக்கும் இல்லை. எஞ்சியது சமத் தொலைவு ஒன்றே. கடல், கடலுக்கு மேல் ஒரு கோடாய் மற்றொரு தீவு, இடையில் கெலோங் என்னும் மீன்பிடி மேடையின் கால்கள், ஒரு சம்பான் படகு. ‘மலையும் நீரும்’ என்ற பெயரில் மலை கரைந்துபோய் நீர் மட்டும் மிஞ்சியதைப் போன்ற நிலை அது.

மரங்களிலும் இதே சிக்கல் எழுந்தது. பைன் மரத்தின் ஊசி இலைக்கும், மூங்கிலின் கணுவுக்கும், பிளம் மலரின் இதழுக்கும் வழிவழியாகக் கைமாறி வந்த தூரிகை அசைவுகள் உண்டு. மாணவன் அவற்றை எழுத்துப் பயிற்சிபோல் ஆண்டுக்கணக்கில் எழுதிப் பழகுவான். தென்னங்கீற்றுக்கும் வாழை இலையின் கிழிசலுக்கும் அத்தாப்பு ஓலைக் கூரையின் சரிவுக்கும் ஏற்ற அசைவுகளை இங்கே வந்தவர்தாம் உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. சென் சோங் ஸ்வீ இதில் பிடிவாதமாக உழைத்தவர். சீன மையையும் தாளையும் கைவிடாமலே கம்பத்து வீடுகளையும் கடற்கரையையும் மலாய்ப் பெண்களையும் வரைந்து, மரபுப்படி ஓரத்தில் சீன எழுத்தில் வாசகமும் பொறித்தார். ஓவியம் பார்ப்பவருக்குப் புரியவேண்டும், வாழ்வோடு ஒட்டியிருக்கவேண்டும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. பழைய ஓவியங்களில் பனிமூட்டத்துக்காகத் தாளை வெறுமையாக விடும் வழக்கம் இருந்தது. இத்தகைய தென்கடல் ஓவியங்களில் அதே வெறுமையை நான் உச்சிவெயிலாகவே காண்கிறேன். கருவி மாறவில்லை. ஆனால் வெண்மையின் பொருள் மாறிவிட்டது.

1952ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்த நால்வரும் இந்தோனேசியாவுக்குப் புறப்பட்டு ஏறத்தாழ ஏழு வாரங்கள் ஜாவாவிலும் பாலித் தீவிலும் சுற்றினார்கள். தென்கிழக்கு ஆசிய ஓவிய வரலாற்றில் இவ்வளவு பேசப்பட்ட பயணம் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. அதன் பின்னணியை நாம் மறக்கலாகாது. 1949இல் சீனாவில் ஆட்சி மாறிய பின், தாயகம் சென்று மலைகளைக் கண்டு வரைந்து திரும்புவது முன்போல் எளிதாக இல்லை. மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க 1948 முதல் அவசரநிலை நடந்துகொண்டிருந்தது. இவர்களுள் லியு காங் சிறுவயதை மலாயாவின் மூவார் நகரிலும் இளமையின் சில ஆண்டுகளை ஷாங்காயிலும் பாரிசிலும் கழித்தவர். தஹித்தித் தீவுக்குப் போய் வரைந்த பிரெஞ்சு ஓவியர் கோகானின் நினைவு அவருள் இருந்தது. 1932இல் பாலித் தீவுக்கு வந்து, சானூர் கடற்கரையில் வாழ்ந்த பெல்ஜிய ஓவியர் லெ மேயர், தம் மனைவியும் நடனக் கலைஞருமான நி போலோக்கை வரைந்த ஓவியங்களைப் போருக்கு முன்பே சிங்கப்பூரில் காட்சிக்கு வைத்திருந்தார். ஆக, நேரில் காணும் முன்பே பாலியைப் பற்றிய ஒரு சித்திரம் இவர்கள் மனத்தில் உருவாகியிருந்தது.

பயணத்தின் பலனாக 1953இல் சிங்கப்பூரிலிருந்த பிரிட்டிஷ் கவுன்சில் கூடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகள் காட்சிக்கு வந்தன. சந்தை, கோயில் விழா, படையல் சுமந்து நடக்கும் பெண்கள், நடனம், வயல் என்று பொருள்கள் பலவாக இருந்தன. அவற்றைக் காட்டிலும் முக்கியமானது, அந்தப் பயணம் அடுத்த இருபது முப்பது ஆண்டுகளுக்கு அவர்கள் கைகளில் செய்த வேலை.

லியு காங்கின் ஓவியங்களைப் பார்க்கும்போது உருவங்களைச் சுற்றி ஓடும் வெள்ளைக் கோடுகள் கண்ணில் படும். எண்ணெய் வண்ணத்தில் கறுப்புக் கோட்டால் உருவத்தை வரம்பிடுவது ஐரோப்பிய நவீன ஓவியர்களிடமும் உண்டு, சீன மை ஓவியத்திலும் உண்டு. வெள்ளைக் கோடு வேறு இடத்தை நினைவூட்டுகிறது. பாத்திக் துணி செய்பவர் உருக்கிய மெழுகால் கோடு இழுத்துத் துணியைச் சாயத்தில் முக்குகிறார். மெழுகு இருந்த இடத்தில் சாயம் ஏறுவதில்லை. பின்னர் மெழுகை நீக்கும்போது கோடு வெள்ளையாக வெளிப்படுகிறது. தூரிகையின் கோடு வண்ணத்தை வைப்பதால் பிறக்கிறது, பாத்திக்கின் கோடு வண்ணத்தைத் தடுப்பதால் பிறக்கிறது. லியு காங் எண்ணெய் வண்ணத்தில் அந்தத் தடுத்த கோட்டின் தோற்றத்தைக் கொண்டுவந்தபோது, பாரிசும் ஷாங்காயும் ஜாவாவும் ஒரே வரம்பில் சந்தித்தன. பாத்திக் தொழிலாளர்களையே அவர் 1954இல் ஓவியமாக வரைந்ததும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதே மெழுகையும் சாயத்தையும் நேரடியாகவே கையாண்ட ஒருவரையும் இங்கே குறிப்பிடவேண்டும். ஃபூஜியான் மாநிலத்தில் பிறந்து பினாங்குத் தீவில் வாழ்ந்த சுவா தியான் தெங், போருக்குப் பின் ஒரு பாத்திக் ஆலையைத் தொடங்கினார். அது நிலைக்கவில்லை. ஆலை நின்றபின் அதே தொழிலின் மெழுகும் சாயமும் கொண்டு 1950களில் துணியில் ஓவியங்கள் தீட்டினார். அவருடைய ஓவியம் ஒன்றை 1968இல் குழந்தைகளுக்கான ஐ.நா. அமைப்பான யுனிசெஃப் தன் வாழ்த்து அட்டைக்குத் தேர்ந்தெடுத்தது. ஜாவானியர் உடுத்தும் துணியின் கலை, பினாங்குச் சீனர் ஒருவரின் கையில் சுவரில் மாட்டும் ஓவியமாகி, உலகெங்கும் அஞ்சலில் சென்றது.

சியோங்கின் பாதை இவற்றினின்று வேறுபட்டது. பாலியில் அவர் கண்ட மனிதர்கள் மெல்ல மெல்ல நீண்டார்கள். கழுத்தும் கைகளும் நிழற்கூத்தின் வாயாங் பொம்மைகளுக்கு இருப்பதைப்போல் மெலிந்து நீண்டன, கண்கள் வாதுமை வடிவில் பாதி மூடின. 1959இல் போர்னியோத் தீவின் சரவாக்குக்குச் சென்று, பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் நீள்வீடுகளையும் அங்கு வாழும் மக்களையும் கண்டார். அதே ஆண்டில் வரைந்த, இன்று கோலாலம்பூரில் தேசியத் தொகுப்பில் உள்ள ‘வெப்பமண்டல வாழ்வு’ என்ற ஓவியம் என்னை மிகவும் கவர்ந்தது. சீனச் சுருளோவியத்தை விரித்துக்கொண்டே பார்ப்பதுபோல், கம்பத்து மனிதர்கள் வரிசையாக அதில் அமர்ந்தும் சாய்ந்தும் இருக்கிறார்கள். தாள் சீனத்தது, மை சீனத்தது, அமைப்பு சீனத்தது. அங்கே நிலவும் ஓய்வான பகற்பொழுதோ முற்றிலும் இந்த மண்ணினுடையது. பின்னர் 1960களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் தங்கி, உருவமே இல்லாத அரூப ஓவியங்களுக்குச் சென்றார். வாழ்வின் இறுதிப் பத்தாண்டில் மீண்டும் உருவங்களுக்குத் திரும்பி, துணியின்மேல் மையால் நுணுக்கமாகத் தீட்டியவற்றுள் ஒன்றுதான் 1978இல் பிறந்த மீன் உணக்கும் காட்சி. அதை வரைந்து ஐந்து ஆண்டுகளில் அவர் மறைந்தார். கடற்கரைக் கம்பங்கள் மறைந்து அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், அந்த ஓவியத்தின் அமைதி நம்மை வேறு விதமாகத் தொடும்.

சென் வென் ஷியின் குரங்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோங் அரசர் காலத்துத் துறவி முச்சி வரைந்த கிப்பனைப் படமாகக் கண்டு அவர் அதில் ஆழ்ந்தார். சிங்கப்பூரில் கிப்பன்களைத் தம் வீட்டிலேயே வளர்த்து, அவற்றின் கைவீச்சை நாள்தோறும் கவனித்தார். அவர் கற்ற மரபில் வெறும் நினைவாக இருந்த விலங்கு, தென்கிழக்கு ஆசியக் காடுகளுக்கு அண்மையில் உயிரோடு அவர் முன் நின்றது.

இவ்வளவு போற்றியபின் ஒரு கேள்வியை எழுப்பாமல் விடுவது நேர்மை ஆகாது. பாலியின் பெண்களை இவர்கள் வரைந்தார்கள். அந்தப் பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் நமக்கு வந்து சேரவில்லை. திறந்த தோளும் படையல் தட்டுமாக ஓர் அழகுத் தீவைக் காட்டும் பழக்கம் ஐரோப்பியரிடமிருந்து வந்தது. அதைச் சீன ஓவியர்களும் ஓரளவு சுமந்தே சென்றார்கள். பாலி மக்கள் வரையப்படுவதற்காகக் காத்திருந்தவர்கள் அல்லர். கமாசான் என்னும் சிற்றூரில் மகாபாரத, இராமாயணக் கதைகளைப் பருத்தித் துணியில் தீட்டும் மரபு தலைமுறைகளாக இருந்தது. பாலியின் உபுத் என்னும் ஊரில் ஐ குஸ்தி ந்யோமன் லெம்பாட் போன்ற மாபெரும் கோட்டோவியர் வாழ்ந்துகொண்டிருந்தார். 1936இலேயே பாலி ஓவியர்கள் ‘பிதா மஹா’ என்ற சங்கத்தின்கீழ் இணைந்திருந்தார்கள். 1952 பயணக் கதை சொல்லப்படும்போதெல்லாம் லெ மேயரின் பெயர் வருகிறது, லெம்பாட்டின் பெயர் அரிதாகவே வருகிறது. பரிமாற்றம் என்ற சொல்லை நாம் மதிப்பதானால், கொடுத்தவரின் பெயரையும் எடுத்தவரின் பெயரையும் ஒரே குரலில் சொல்லவேண்டும்.

இந்த ஓவியர்களை ஒரு மரபாகத் தொகுத்துக் காட்டிய முயற்சியில் நமக்கு நெருங்கிய ஒரு பெயர் உண்டு. 1979இல் கோலாலம்பூர் தேசிய ஓவியக் கூடத்தில் நன்யாங் ஓவியர்களின் மீள்பார்வைக் கண்காட்சி நடைபெற்றது. அதை ஆய்ந்து எழுதியவர்கள் மலேசிய ஓவியர் ரெட்சா பியதாசாவும் சிங்கப்பூரின் கலை வரலாற்றாசிரியர் டி. கே. சபாபதியும் ஆவர். சீனக் குடியேறிகள் மலாய்க் கம்பங்களையும் பாலிக் கோயில்களையும் வரைந்தவற்றுக்கு ஒரு வரலாற்று மொழியை உண்டாக்கியதில் சபாபதி என்ற பெயர் நிலைத்திருப்பதை நான் பெருமையோடு நினைக்கிறேன். அவர் எழுதியது ஆங்கிலத்தில். தமிழில் இந்த ஓவியங்களைப் பற்றி விரிவாக எழுதவேண்டிய பணி நம் முன் கிடக்கிறது.

பேச்சை நிறுத்திக்கொண்டு இனி படங்களைத் திரையில் காண்போம். முதலாவது லியு காங் 1954இல் தீட்டிய ‘ஓவியரும் மாதிரியும்’. அதில் அமர்ந்து வரைந்துகொண்டிருப்பவர் சென் வென் ஷி, அவர் எதிரில் இருப்பவர் பெயர் தெரியாத பாலிப் பெண். வரைபவரையும் வரையப்படுபவரையும் சேர்த்தே லியு காங் வரைந்திருக்கிறார். வெள்ளைக் கோடு எந்தெந்த இடத்தில் ஓடுகிறது என்பதைக் கவனியுங்கள். விளக்குகளைச் சற்றுக் குறைக்குமாறு நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.