"கார்ட்டைப் போடுங்கோ அம்மா" என்கிற 6 வயதுப் பிள்ளைக்குக் காசை எப்படிப் பழக்குவது?

சரி, அடுத்த கேள்வி. கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் அனுப்பியிருக்கிறார். மகனுக்கு 6 வயது. சுப்பர்மார்க்கெட்டில் காசு கட்டும் இடத்துக்கு வந்தாலே பக்கத்துத் தட்டிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்கிறானாம். "காசு இல்லை, வை" என்றால் "கார்ட்டைப் போடுங்கோ அம்மா" என்கிறானாம். இவனுக்குக் கைச்செலவுக் காசு கொடுக்கத் தொடங்கலாமா, எவ்வளவு கொடுப்பது, சித்திரை வருடப்பிறப்புக்கு வந்த கைவிசேடக் காசை என்ன செய்வது என்று கேட்கிறார்.

முதலில், பிள்ளை சொன்னதில் பிழை இல்லை. அவன் கண்டதைத்தான் சொல்கிறான். அம்மா கார்ட்டை நீட்டுகிறார், மெஷின் ஒரு சத்தம் போடுகிறது, சாமான் பைக்குள் வருகிறது, கார்ட்டும் திரும்பி வருகிறது. எதுவுமே குறைந்ததாக அவனுக்குத் தெரியவில்லை. போனில் கியூஆர் ஸ்கேன் பண்ணினால் அந்தக் கார்ட்டைக்கூட அவன் காண்பதில்லை. அதனால் கொஞ்ச நாளைக்கு, அவனோடு கடைக்குப் போகும்போது மட்டுமாவது தாள் காசு கொடுத்து வாங்குங்கள். சுப்பர்மார்க்கெட்டை விட மரக்கறிச் சந்தை நல்லது. கால் கிலோ போஞ்சிக்கு விலை கேட்கவும், மிச்சக் காசை வாங்கி எண்ணவும் அவனை விடுங்கள். பின்னால் நிற்பவர்கள் கொஞ்சம் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

இந்த வயதில் ஐந்து 20 ரூபாக் குற்றிகள் ஒரு 100 ரூபாத் தாளை விடக் கூட என்றுதான் பல பிள்ளைகள் நினைப்பார்கள். வீட்டில் மாற்றி மாற்றி விளையாடட்டும். எங்கள் தாள்களில் பறவைகள் இருப்பது இதற்கு வசதி. 20 ரூபாவில் ஆந்தை, 1000 ரூபாவில் கிளி. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையும் அடையாளம் பிடித்துவிடும்.

அடுத்தது, "காசு இல்லை" என்கிற பேச்சு. இருக்கும்போது இல்லை என்று சொல்லாதீர்கள். அன்றைக்கு இரவே கொத்து ரொட்டி ஓடர் பண்ணினால் அவன் கவனிப்பான். "இன்றைக்கு இது வாங்கப் போவதில்லை" என்று சொன்னால் போதும். அழுவான், அழட்டும். எங்களுக்கு இந்த "இல்லை" வாயில் தானாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதத்துக்குப் போனது. கேஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற ஆட்கள் நாங்கள். அந்தப் பயம் எங்களோடு இருக்கட்டும், பிள்ளையின் தலையில் வைக்க வேண்டாம். உண்மையாகவே ஒரு மாதம் இறுக்கமாக இருந்தால் அதையும் நேராகச் சொல்லலாம். "வாடகையும் ஸ்கூல் வான் காசும் கட்டினால் மிச்சம் குறைவு, சாப்பாட்டுக்கு இருக்கிறது." அந்தக் கடைசித் துண்டைச் சொல்ல மறக்காதீர்கள்.

கைச்செலவுக் காசு கொடுக்கலாம், 6 வயது சரியான வயதுதான். இவ்வளவு என்று நான் தொகை சொல்ல மாட்டேன், கொழும்பில் விலை நிற்கிற இடத்தில் நிற்பதில்லை. கணக்கு இப்படிப் பாருங்கள்: ஒரு வாரக் காசில் ஒரு சின்னத் தின்பண்டம் வர வேண்டும், மூன்று வாரம் சேர்த்தால் அவன் ஆசைப்படுகிற விளையாட்டுச் சாமான் ஒன்று வர வேண்டும். மூன்று மாதம் பொறு என்றால் இந்த வயதில் முடியாது. ஒவ்வொரு வாரமும் ஒரே நாளில், சில்லறையாகக் கொடுங்கள். மண் உண்டியலை விடக் கண்ணாடிப் போத்தல் நல்லது, ஏறுவதும் இறங்குவதும் தெரியும்.

இனித்தான் பெற்றோருக்குக் கஷ்டமான பகுதி. அவன் அந்தக் காசைக் கொண்டுபோய் நாளைக்கே உடைந்துபோகிற பிளாஸ்டிக் கார் ஒன்றை வாங்குவான். உங்களுக்குப் பார்த்த உடனே தெரியும். ஒரு தரம் சொல்லுங்கள், அதற்கு மேல் தடுக்காதீர்கள். உடைந்த பிறகு "நான் சொன்னேன்தானே" என்றும் வேண்டாம், புதிதாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். அவன் முகத்தைப் பார்த்து அம்மம்மா இரகசியமாக 500 ரூபாவை நீட்டுவார், அதுதான் ஆபத்து. அவருடன் முதலே பேசி வையுங்கள். சின்ன வயதில் ஒரு சின்னத் தொகையை வீணாக்கிப் பார்ப்பது மலிவான படிப்பு.

தட்டுக் கழுவினால், படுக்கை மடித்தால் காசு என்று தொடங்க வேண்டாம். பிறகு ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டாலும் விலை கேட்பான்.

கைவிசேடக் காசு. "அம்மா வைத்திருக்கிறேன்" என்று வாங்கிப் போனால் அது திரும்பி வராது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். தேசிய சேமிப்பு வங்கி போன்ற இடங்களில் சிறுவர் கணக்குத் திறக்கலாம், பெரிய பங்கு அங்கே போகட்டும். ஆனால் இப்படியான பல கணக்குகளில் 18 வயது வரை சாதாரணமாகக் காசு எடுக்க முடியாது. 6 வயதுப் பிள்ளைக்கு அது இன்னும் 12 வருடம், அதாவது அவன் கண்ணுக்குக் காணாமல் போன காசு. அதனால் அவனையும் வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போய், அவன் கையாலேயே கட்டவைத்து, புத்தகத்தில் விழுந்த எண்ணைக் காட்டுங்கள். பத்தில் ஒரு பங்கையாவது அன்றைக்கே அவன் கையில் விடுங்கள். அதில் என்ன வாங்குகிறான் என்பது அவன் பாடு.